புகையோடு ஒரு குவளை

“எல்லா பீரும் பிடிபடுது மாஸ்டர். இது ஒண்ணு மட்டும் உள்ளே இறங்க மாட்டேங்குது.”

தணிகாசலம் குவளையை மேசையில் வைத்தார். செம்பழுப்பு நிறத்தில், கட்டைப் புகை மணக்கும் புகை பீர். ஒரு வாய்கூடக் குறையவில்லை.

செலின் அவரைவிட வயதில் ரொம்பச் சிறியவள். புதுச்சேரிக்கு வெளியே, கடலோரமாக, சொந்தமாக பீர் வடித்துக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் அவளிடம் ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். நல்ல நாக்கு அவருக்கு. கோதுமை பீரில் லேசாக ஒளிந்திருக்கும் கிராம்பு வாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

“இதுல என்ன தெரியுது அண்ணே?”

“கிடங்கு.”

செலின் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“துணிக் கிடங்கு பத்திக்கிச்சு. நானும் என்கூட வேலை பார்த்த அருள்செல்வனும் உள்ளே போனோம். நான் மட்டும் வெளியே வந்தேன்.”

அதற்குப் பிறகு வீட்டில் சாம்பிராணி போடக்கூட அவர் விட்டதில்லை.

செலின் குவளையை எடுத்துக் கழுவி வைத்தாள்.

“நாளைக்குக் காலையில வாங்க. அடுத்த பீருக்கு பார்லியைப் புகையில காய வைக்கணும். நெருப்பு நீங்க போடுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

வந்தார். வாழ்நாளெல்லாம் நெருப்பை அணைத்த கை, இரண்டு தீக்குச்சிகளை ஒடித்துவிட்டு மூன்றாவதைக் கிழித்தது.

மேலே கம்பி வலையில் முளைகட்டிய பார்லி ஈரத்தோடு பரப்பிக் கிடந்தது. கீழே மாங்கட்டைகள்.

“கொழுந்து விடக் கூடாது. அணையவும் கூடாது” என்று சொல்லிவிட்டு செலின் போய்விட்டாள்.

புகை எழுந்தது. வலைக்குள் நுழைந்து, பார்லியைத் தடவி, திறந்த கதவு வழியாகக் கடல் பக்கம் போனது. தணிகாசலத்துக்கு மூச்சு முட்டியது. எழுந்து ஓடப் பார்த்தார். கட்டை ஒன்று கொழுந்துவிட, திரும்பி வந்து அதை இழுத்துப் போட்டார்.

வெயில் ஏறியது. எது புகை, எது கடல் என்று தெரியாமல் போனது.

நெருப்புக்கு அந்தப் பக்கம் அருள்செல்வன் வந்து உட்கார்ந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. இப்போதுதான் குளித்தவன்போல முடி ஈரமாக இருந்தது.

“கட்டையைத் தள்ளி வைடா. ஒரு பக்கமாவே எரியுது.”

தள்ளி வைத்தார். அவன் கையை நீட்டிக் குளிர் காய்ந்தான். இருவரும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

சாயங்காலம் செலின் வந்தபோது தணிகாசலம் தனியாக இருந்தார். முகமெல்லாம் கரி. அதில் இரண்டு கோடுகள் மட்டும் வெளுத்திருந்தன.

“அணைய விட்டீங்களா?”

“இல்லை மாஸ்டர்.”

மழைக்காலம் பிறந்தபோது அந்த பீர் தயாரானது. செலின் ஊற்றிக் கொடுத்தாள்.

முதலில் புகை. அவர் விழுங்கினார். பிறகு கிடங்கு. விழுங்கினார். அதற்கும் அடியிலிருந்து, மெதுவாக, சுட்ட ரொட்டியின் ஓரம்போல ஓர் இனிப்பு மேலே வந்தது.

வெளியே கடல்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

“நல்லா இருக்கு மாஸ்டர். ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அவன் இன்னும் உள்ளே இருக்கான்.”

“ம்.”

“எவ்வளவு நாள் வச்சிருந்தா இந்தப் புகை போகும்?”

செலின் தன் குவளையையும் நிரப்பிக்கொண்டாள்.

“போயிடுச்சுன்னா அது வேற பீர் அண்ணே.”