கண் பிதுங்கிய உளுவை

மீன்களும் நண்டுகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உளுவை மீன் மற்ற மீன்களைப் போல ஆழத் தண்ணீரில்தான் வாழ்ந்தது. அதன் கண்களும் கன்னத்துக்கு ஒன்றாக, அடக்கமாக இருந்தன.

ஆறு கடலோடு சேரும் ஒரு கழிமுகத்தில் தத்தன் என்ற உளுவையும் அவன் மனைவி குமிழியும் குடியிருந்தார்கள். கோடை வந்தால் கழி வற்றிவிடும். சதுப்பில் வளரும் கண்டல் மரங்களின் வேரடியில் இருந்த ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். அது ஒரு குடும்பத்துக்குத்தான் போதும். யாருக்கு என்பதை ஆண்டுதோறும் படகுப் பந்தயம் வைத்து முடிவு செய்வார்கள். அந்த ஆண்டு குமிழியின் வயிறு நிறைய முட்டைகள்.

“மடு கிடைக்காவிட்டால் இதுகளை எங்கே வைப்பேன்?” என்றாள் குமிழி. பந்தயப் படகைத் தானே கட்டத் தொடங்கினாள்.

கண்டல் காய் முருங்கைக்காய் போல நீண்டிருக்கும், நன்றாக மிதக்கும். ஒரே நீளத்தில் இரண்டைப் பொறுக்கிப் பக்கம் பக்கமாக வைத்து, கோரையால் இணைத்தாள். இடைவெளி குறைந்தபோது படகு பக்கவாட்டில் கவிழ்ந்தது. நீளமும் அகலமும் ஒன்றாக வைத்தபோது காய்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன, திருப்பவே முடியவில்லை. நீளத்தில் பாதியை அகலமாக வைத்தாள். படகு பதவிசாக உட்கார்ந்தது.

நடுவில் ஒரு கம்பம் நட்டு, பாயாகக் கடற்கரைக் கொடியின் சின்ன அடம்பிலை ஒன்றைக் கட்டினாள். பலத்த காற்றிலும் இரண்டு காய்களின் மூக்கும் தண்ணீருக்கு மேலே ஒரு செதில் உயரம் நின்றன.

“இதுதான் அளவு. மூக்கு முங்கினா முடிஞ்சுது. இலையை மட்டும் மாத்திடாதீங்க” என்று சொல்லிப் படகைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, எல்லைக் கம்பத்தருகே போய்க் காத்திருந்தாள்.

பந்தயம் தொடங்கும் இடத்துக்கு மீசையன் என்ற கெளுத்தி வந்தான். அவன் படகு பருத்த ஒற்றைக் கட்டை.

“என்ன மச்சான், பாயை வீட்டிலேயே மறந்துட்டியா? கம்பத்துல உன் கோவணம்ல காயுது!”

நண்டுகள் கொடுக்கைத் தட்டிச் சிரித்தன.

“ஓடும்போது பாரு” என்றான் தத்தன்.

“ஓடுமா? உன் பெண்டாட்டி முட்டை போடுறதுக்குள்ள வந்துருமா?”

தத்தனுக்குச் சுருக்கென்றது. கரையோரம் மிதந்த அகலமான பூவரசிலை ஒன்றை இழுத்தான். அடம்பிலையை அவிழ்த்து எறிந்துவிட்டு, பூவரசிலையைக் கம்பத்தின் உச்சிவரை ஏற்றிக் கட்டினான்.

கொடி அசைந்ததும் படகு பாய்ந்தது. ஒற்றைக் கட்டைகள் எல்லாம் எங்கோ பின்தங்கின. “ஆத்தாடி, இது படகா, பறவையா!” என்று நண்டுகள் வாயைப் பிளந்தன. தத்தனே திகைத்துப்போனான்.

தூரத்தில் படகைக் கண்ட குமிழி துள்ளினாள். மறுகணம் இலையின் அகலத்தைப் பார்த்தாள். 

“இறக்குங்க! இலையை இறக்குங்க! பின்னால நகருங்க!”

இரைச்சலில் அது அவனுக்குக் கேட்கவில்லை. மணல்திட்டைத் தாண்டியதும் கடற்காற்று இலை நிறைய அடித்தது. மூக்குகள் மெல்ல இறங்கின. பிறகு இரண்டும் ஒருசேரத் தண்ணீரைக் குத்தின. படகின் வால் வானத்துக்கு எழுந்தது. படகு தலைகுப்புறப் புரண்டது! எல்லைக்கு ஒரு துள்ளல் தூரத்தில், தத்தன் சேற்றில் போய் விழுந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. மீசையனின் கட்டை மெதுவாக அவனைக் கடந்து எல்லையைத் தொட்டது.

“மச்சான்... நான் சும்மா கேலிக்குத்தானே சொன்னேன்...” என்றான் மீசையன். ஆனாலும் மடு அவனுக்குத்தான். பந்தயம் பந்தயம்தான்.

தத்தன் சேற்றிலிருந்து தலையைத் தூக்கினான். அதிர்ச்சியில் அவன் கண்கள் இரண்டும் பிதுங்கி உச்சந்தலைக்கு ஏறியிருந்தன. கிழிந்த இலைத்துண்டு ஒன்று முதுகில் ஒட்டியிருந்தது.

“கண்ணை உள்ளே இழுங்க” என்றாள் குமிழி.

“வர மாட்டேங்குது.”

அவள் திட்டவில்லை. “முட்டைக்கு இடம்?” என்று மட்டும் கேட்டாள்.

தத்தன் நின்ற இடத்திலேயே வாயால் சேற்றைக் கவ்விக் கவ்வித் துப்பினான். குழி வளையாகி ஆழமானது. குமிழி உள்ளே முட்டையிட்டாள். அடியில் காற்றில்லை என்று கண்டதும், அவன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு மறுபடி இறங்கினான்.

அன்று முதல்தான் உளுவை ஆழத்தை விட்டுச் சேற்றில் தத்தித் திரிகிறது. முட்டைக்குக் காற்றுச் சுமப்பதும் காவல் இருப்பதும் அப்பன் வேலையாயிற்று. நடுநடுவே, அன்று முதுகில் ஒட்டித் துடுப்பாகிப்போன பாயை ஒரு தரம் விரிக்கும், தலைமேல் கண் பிதுங்க விழிக்கும், சட்டென்று மடக்கிக்கொள்ளும்.