புருவம் கொடுத்த பெண்

பூச்சியும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்கு அப்பால், மேற்குத் தேசத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பால்டோ என்ற பட்டு வியாபாரி இருந்தான்.

அப்போதெல்லாம் பட்டுப்பூச்சியை யாரும் வளர்க்கவில்லை. அது முசுக்கொட்டை மரங்களில் தன் பாட்டுக்குக் கூடு கட்டும். மனிதர்கள் கொஞ்சம் கூடுகளைப் பறித்து வந்து, வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள். பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்துவிடும். அதனால் அது உள்ளே தூங்கும்போதே கொப்பரையில் கொட்டிவிடுவார்கள்.

பால்டோவுக்குக் கொஞ்சம் போதவில்லை. அந்த வருஷம் ஆட்களை விட்டு, மலையிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு மரம் விடாமல் உருவி எடுத்துவிட்டான்.

"நாலு கூட்டையாவது மரத்தில் விடக்கூடாதா?" என்று ஒரு குருவி கேட்டது.

"ஏன், நீ தின்னவா?" என்று அதன்மேல் கல்லெறிந்தான்.

அவன் மனைவி பெயர் தெஸ்ஸா. அவள் புருவத்தைப் பற்றி ஊரே பேசும். எதிரே வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, புருவத்தைத்தான் பார்ப்பார்கள். "அந்தப் புருவத்துக்காகத்தான் கட்டினேன்" என்று பால்டோ அவள் காதுபடவே சொல்வான். வேறு எதற்காகவும் அவளை ஒரு வார்த்தை மெச்சியதில்லை.

அந்தப் புருவத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று அவளைப் படம் எழுத ஏற்பாடு செய்தான். நேரி என்ற வயதான ஓவியனைக் கூப்பிட்டான். அந்தப் பக்கத்தில் நேரியைப் போல முகம் எழுத ஆள் கிடையாது. முதல் நாளே பால்டோ முன்வாசலில் அவனைத் தடுத்து, "வேலைக்காரர்கள் பின்வாசல் வழியாக வரணும்" என்றான். இப்படி ஒரு சொல்லை ஒரு தடவை கேட்டால் போதும், மனுஷனுக்குச் சாகிறவரை மறக்காது. நேரிக்கும் மறக்கவில்லை. பேசாமல் பின்வாசல் வழியாகவே வந்து போனான்.

ஒரு மரப்பலகையில் படத்தை எழுதினான். கைகளை எழுதினான். முதுகுக்குப் பின்னால் மலையும் ஆறும் எழுதினான். இலையின் பச்சை சரியாக வரவேண்டும் என்று முசுக்கொட்டைக் கிளை ஒன்றை ஒடித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். வாயை இன்னும் முடிக்கவில்லை. அவள் வாய் என்றைக்கும் சிரிப்பில்லாமல் தொங்கியே இருந்ததால் எப்படி எழுதுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் புருவத்தைத் தொட்டான். மெல்லிய தூரிகையால் மயிர் மயிராக வைத்து முடித்தான்.

ஈரம் காய்வதற்குள் அந்தக் கிளையில் ஏதோ அசைந்தது. சுருண்ட இலைக்குள் யார் கண்ணிலும் படாமல் ஒரு கூடு தப்பியிருந்தது. அதிலிருந்து ஓர் ஆண் பூச்சி வெளியே வந்தது. அதன் தலை உரித்த மொச்சை மாதிரி வழுவழுவென்று இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாப் பட்டுப்பூச்சிக்கும் தலை அப்படித்தான்.

பூச்சி சுற்றுமுற்றும் பார்த்தது. "அம்மா, எங்கள் ஆட்களெல்லாம் எங்கே?"

படத்துக்கு உட்கார்ந்திருந்த தெஸ்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூச்சி அவள் சட்டையைப் பார்த்தது.

"நீங்கள் போட்டிருப்பது எங்கள் நூல்தானே?"

"ஆமாம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குருவி சன்னலில் வந்து உட்கார்ந்தது. "நூல் எடுக்கிற கொட்டகையில் ஒரு பெண் பூச்சி கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டாளாம். எறும்புகள் பேசிக்கொண்டன. எந்தக் கூடையில் என்றுதான் தெரியவில்லை. கொப்பரைக்கு அடியில் தீ மூட்டிவிட்டார்கள்."

பூச்சி துடித்துப்போனது. "எங்கள் பெண்கள் வாசனையால்தான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் திரும்பிய பக்கமெல்லாம் ஆள் இருந்ததால் யாரும் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது தேட வேண்டும். என் தலையில் வாசனை நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதே!"

"தேடிக் கிடைக்காவிட்டால்?" என்று கேட்டாள் தெஸ்ஸா.

"என்னோடும் அவளோடும் எங்கள் குலம் முடிந்தது." பூச்சி படத்தைப் பார்த்தது. "அதோ, அந்தப் புருவம் மாதிரி மயிர் மயிராக ஏதாவது என் தலையில் இருந்தால், காற்றில் வருகிற வாசனை அதில் தங்கும்."

"அடேய்! பூச்சியானபின் தின்ன வாய் கிடையாது, கேட்க மட்டும் வாய் நீளுதே உனக்கு" என்றான் நேரி.

தெஸ்ஸா எழுந்தாள். "ஓவியரே, அதை எடுத்து இவனுக்கு வையுங்கள்."

"என்ன பேச்சு அம்மணி இது? நேரிக் கிழவனுக்குப் புருவம் போடத் தெரியாது என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். எனக்குக் கோபம் உங்கள் வீட்டுக்காரர்மேல்தான், என் படத்தின்மேல் இல்லை."

"என்னைப் பார்த்தும்தான் சிரிக்கும். இந்த வீட்டில் என்னிடம் அந்தப் புருவத்தைத் தவிர யாரும் எதையும் பார்த்ததில்லை. அதையே நான் கொடுக்கிறேன். உங்களுக்கு என்ன குறைந்துபோகிறது?"

நேரி கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தான். பிறகு, "படத்திலிருந்தாலும் அது உங்களுடையது. கொடுத்தேன் என்று நீங்கள் வாயால் சொன்னால்தான் இவன் தலையில் ஒட்டும்" என்றான்.

"கொடுத்தேன்."

அவள் சொன்னதும் நெற்றிக்குக் கீழே சில்லென்றது. தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் புருவம் இல்லை. நேரி அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல, ஈரம் காயாத வண்ணத்தைத் தூரிகையால் ஒற்றி எடுத்துப் பூச்சியின் தலையில் இரண்டு பக்கமும் வைத்தான். அது இறகு மாதிரி விரிந்தது.

பூச்சி ஒரு கணம் அசையாமல் நின்றது. "கூப்பிடுகிறாள்!" என்று சன்னல் வழியாகப் பறந்தது.

கொட்டகையில் ஓர் ஆள் கூடையைத் தூக்கிக் கொப்பரைமேல் சாய்த்துக்கொண்டிருந்தான். பூச்சி நேரே போய் அவன் கண்ணில் மோதியது. "ஐயோ!" என்று அவன் கண்ணைப் பொத்தவே, கூடை தரையில் விழுந்து உருண்டது. அதற்குள்ளிருந்து பெண் பூச்சி தட்டுத்தடுமாறி எழுந்து வந்தது. இரண்டும் ஆவிக்கு நடுவே வெளியேறித் தெஸ்ஸாவின் அறைக்கு வந்து சேர்ந்தன.

"எங்கே முட்டையிடுவது? மரத்தில் இட்டால் உங்கள் வீட்டுக்காரர் விடமாட்டாரே" என்றது பெண் பூச்சி.

"படத்துக்குப் பின்னால் இடு" என்றாள் தெஸ்ஸா. "யாரிடமும் சொல்ல மாட்டேன்."

பலகையின் பின்பக்கம் கசகசாவைத் தூவினாற்போல் முட்டைகள் ஒட்டிக்கொண்டன. தெஸ்ஸா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய உதட்டுக்குள்ளிருந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அப்படியே இருங்கள் அம்மணி, அப்படியே!" என்று நேரி கத்தினான். அந்த வாயை அப்படியே எழுதினான். "நான் அறையில் இல்லாதபோது யார் காவல்?" என்று அவள் கேட்டாள். அவன் படத்தில் கண்ணுக்கொரு புள்ளி வைத்து, "இவள் காவல்" என்றான்.

பால்டோ வந்தான். "புருவம் எங்கேடா?" என்று அலறினான். மனைவி பக்கம் திரும்பினான். "உன்னுடையது எங்கே?"

"கொடுத்துவிட்டேன்."

"யாருக்கு?"

அவள் சிரித்தாள், அவ்வளவுதான்.

"இந்தப் பலகையைத் தூக்கி அடுப்பில் போடுகிறேன் பார்" என்று இடது பக்கமாகப் போனான். படத்தின் கண்கள் கூடவே வந்தன. வலது பக்கமாகப் போனான். அங்கேயும் வந்தன. அவன் கால் தானாக நின்றுவிட்டது.

"யாரைப் பார்க்கிறாள் இவள்?"

"உங்களைத்தான் எஜமான்" என்றான் நேரி, தேன் ஒழுகும் குரலில். தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்து போனான்.

மறு வருஷம் மரமெல்லாம் தளிர்த்தது, ஒரு மரத்திலும் கூடு இல்லை. கொப்பரை காய்ந்து கிடந்தது. பால்டோ அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தான். தெஸ்ஸா ஒரு தட்டு நிறையத் தளிர் இலையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இலையெல்லாம் குட்டிக் குட்டிப் புழுக்கள் நெளிந்தன.

"எங்கே கிடைத்தது?" என்று பாய்ந்து எழுந்தான்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேகவைப்பது உங்கள் தொழில், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு கூட்டை எடுத்துவைக்க வேண்டும். அதிலிருக்கிற பூச்சிகள் உயிரோடு வெளியே வரவேண்டும்."

"மட்டமான கூடாகப் பார்த்து விட்டால் போதாதா?"

"நல்லதாகப் பார்த்துத்தான். இல்லையென்றால் தட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்."

அவன் ஒத்துக்கொண்டான். வேறு வழியும் இல்லை. அதற்குப் பிறகு அவன் மனைவியிடம் பேசும்போது, பார்க்கப் புருவம் இல்லாததால், கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. போகப் போக அது அவனுக்குப் பிடித்தும்போயிற்று.

அந்த வருஷம் தொட்டுத்தான் பட்டுப்பூச்சி தலையில் இரண்டு இறகுப் புருவத்தோடு பிறக்கிறது. உலகமே பார்க்கப் போகும் அந்தப் படத்துப் பெண் இன்றைக்கும் புருவமில்லாமல், நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்ணால் தொடர்ந்து, சொல்லாத ஒன்றை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பட்டுக்காரர்களும் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும் முன்பே, நல்ல கூடாகப் பொறுக்கி, அடுத்த தலைமுறை முட்டைக்கு விதையென்று தனியே எடுத்துவைக்கிறார்கள்.