வீட்டுப்பானைக்கு ஒரு வரம்

முன்னொரு காலத்தில் மேலைக்குறிச்சி என்கிற சீமையை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. கோபம் வந்துவிட்டாலோ, அப்பப்பா! அவனிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர் மந்திரி அறவாழி ஒருவர்தான்.

அந்தச் சீமையில் தை மாதம் வீட்டுப்பானைப் போட்டி நடக்கும். வீடுகளில் சோற்றைப் புளிக்கவைத்துப் போடும் சுண்டக்கஞ்சி என்கிற மதுவை ராஜாவே ருசி பார்ப்பான். எந்தப் பானை உசத்தியோ, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வரம்.

அந்த வருஷம் பொன்னாத்தா என்கிற விறகுக்காரி ஒரு பானையோடு வந்தாள். ராஜாவின் வேட்டைக்காட்டில் முயல் பிடித்த குற்றத்துக்கு அவள் புருஷன் சடையன் சிறையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சா அவரைக் கேட்டுருவேன் சாமி," என்றாள் மந்திரியிடம். மந்திரி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ஆஹா! ஜெயித்துவிடுவாள் என்று அவர் மனசு குளிர்ந்தது.

வந்தானய்யா மாசிலாமணி! அரண்மனை மதுச்சாலைக்கே அதிகாரி. விறகுக்காரி பானையை ஊரே மெச்சுகிறது என்று கேள்விப்பட்டு வயிறெரிந்து, தானும் ஒரு பானையைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தான்.

"மகாராஜா, இது வீட்டுக்காரர்கள் போட்டி. இவருக்கு இது தொழில்," என்றார் மந்திரி.

"எனக்கும் வீடு இருக்கிறதே மந்திரியாரே! நான் என்ன மரத்திலா குடியிருக்கிறேன்?" என்றான் மாசிலாமணி.

சபை சிரித்தது. "ருசிக்கு வீடென்ன, தொழிலென்ன? நல்லது ஜெயிக்கட்டும்!" என்றான் ராஜா.

மாசிலாமணிதான் ஜெயித்தான். கேட்டது என்ன தெரியுமா? ஒரு பட்டுத் தலைப்பாகை! பொன்னாத்தா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. சடையனை விடச் சொல்லி நேரே கேட்டால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வான். பங்குனியில் சிறுமிகள் பூக்கட்டும் போட்டி வரும், ராஜாவின் செல்ல மகள் குமுதவல்லியும் வருவாள், அதுவரை பொறுப்போம் என்று இருந்தார்.

அந்த நாளும் வந்தது. கோயிலில் மாலை கட்டும் முத்துப் பண்டாரத்தைச் சிறுமிகள் நடுவே உட்காரவைத்தார் மந்திரி. பிள்ளைகள் நாலு பூ தொடுப்பதற்குள் அவர் மாலையையே முடித்துவிட்டார். குமுதவல்லி ஓவென்று அழுதாள்.

"எவனய்யா இந்தக் கிழவனைக் குழந்தைகளோடு மோதவிட்டது?" ராஜா கத்தினான்.

"நான்தான் மகாராஜா. இவர் வீட்டிலும் பூக் கட்டுகிறார். நல்லது ஜெயிக்கட்டும் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

தன் பேச்சே தன்னைத் திருப்பி அடித்தது ராஜாவுக்குப் புரிந்தது. பிறகு மாசிலாமணியை எழுப்பி, சபை பார்க்கத் தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "கூப்பிடுங்கள் அந்த விறகுக்காரியை! வரம் அவளுக்கு!"

பொன்னாத்தா வந்து நின்றாள்.

"கேளம்மா, என்ன வேண்டும்?"

"கேட்க வேண்டியவரை முந்தாநாள் எரிச்சாச்சு சாமி."

ராஜா தலைகுனிந்தான். "வேறு ஏதாவது கேள், தாயே."

"இனிமே இந்த ஐயா பானையை எங்க பானையோட வைக்க விடாதீங்க. அடுத்த தைக்கு வர்றவளுக்காவது நியாயமா வரம் கிடைக்கட்டும்."

அப்படியே சட்டமானது. மந்திரியின் சாமர்த்தியத்தைச் சபையே மெச்சியது. அவரோ முத்துமாலையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, "பாவி நான், அன்றைக்கே ராஜா காலில் விழுந்து கேட்டிருக்கலாமே!" என்று அழுதார். அழுது என்ன செய்ய? போன உசிர் சாமர்த்தியத்துக்குத் திரும்பி வருமா?