பெருங்காயக் கடையின் முதல் போணி

நீலவர்ம ராஜா ஆண்ட ஊரில் பூவராகன் என்று ஒரு பெருங்காய வியாபாரி. மனுஷன் தங்கமானவர்தான். ஆனால் விடிவதற்குள் கடைக்குப் போனால், பிள்ளை தூங்கின பிறகுதான் வீடு. "நான் நகர்ந்தா கடை முழுகிப்போயிடும்" என்பார். வீட்டில் சும்மா இருக்கிற சொந்தத் தம்பியிடம்கூடத் தராசைக் கொடுக்கமாட்டார்.

ஒரு நாள் பட்டப்பகலில், மறந்துவிட்ட சாவியை எடுக்க வீட்டுக்கு வந்தார். மூன்று வயசு மகள் வஞ்சி உள்ளே ஓடி, "அம்மா, பெருங்காய மாமா வந்திருக்கார்!" என்றாள்.

அதைக் கேட்டாள் அவர் மனைவி செங்கமலம். பிள்ளையாருக்கு ஒரு விளக்கை ஏற்றிவிட்டு நேரே ராஜசபையில் போய் நின்றாள்.

"மகாராஜா, என் பிள்ளைக்கு அப்பா வேணும்."

கதையைக் கேட்ட ராஜா தாடையைத் தடவினார். பிறகு சபை விகடகவி கொழுந்தப்பர் பக்கம் திரும்பினார். "ஓய்! கடை ஒரு நொடிகூட மூடக் கூடாது. அரண்மனை ரசம் என்ன ஆவது? அவரை யாரும் மிரட்டவும் கூடாது. அவரே எழுந்து வீட்டுக்குப் போகணும். இது என் கட்டளை!"

கொழுந்தப்பர் செங்கமலத்திடம் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எதுக்காவது பயப்படுவாரா தாயே?"

"சாமிக்கு. அப்புறம் போணிக்கு. முதல்ல வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பினா அன்னிக்கு வியாபாரம் படுத்துடும்னு நம்புவார். உட்கார்ந்திருந்த பாயை ஒருத்தர் கேட்டார்னு அதையும் சுருட்டிக் கொடுத்தவர் ஐயா!"

"போதும் தாயே, போதும்!" என்று துள்ளினார் கொழுந்தப்பர்.

மறுநாள் கடை திறக்கும்போது முதல் ஆளாகச் செங்கமலம் நின்றாள். இடுப்பில் வஞ்சி. பின்னால், வேடிக்கை பார்க்க மாறுவேடத்தில் ராஜா. அவர் முதுகை ஒட்டிக் கொழுந்தப்பர்.

பூவராகன் தராசுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டே, "முதல் போணி! என்ன வேணும் தாயே?" என்றார்.

"நீங்கதான் வேணும். முழுசா. பொழுது சாயற வரைக்கும்."

நிமிர்ந்தார். "அடியே, நீயா? விளையாடாதே, போ."

வரிசையில் நின்றவர்கள் பதறினார்கள். "ஐயையோ, போணியை விரட்டாதீங்க!"

அவருக்கு வேர்த்துவிட்டது. "சரி... என்ன விலைக்குக் கேக்கறே?"

அவள் ஒரு செப்புக்காசை வைத்தாள்.

"நான் அவ்வளவு மலிவா?"

"வாடை ஜாஸ்தியா இருக்கே. இதுவே அதிகம்."

"கடையை யார் பார்ப்பா?"

"அடுத்து நிக்கிறவர்தான்!" கொழுந்தப்பர் ராஜாவின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். ராஜா முறைத்தார். "கடை ஒரு நொடிகூட மூடக் கூடாது. உங்க கட்டளைதானே?" என்று காதில் கிசுகிசுத்தார் கொழுந்தப்பர்.

போணியைக் கெடுக்கப் பயந்து, செப்புக்காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார் பூவராகன். அன்று பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வஞ்சி மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்தாள். பொழுது சாய்ந்ததும் சொன்னாள்: "அம்மா, நாளைக்கும் இந்த அப்பாவையே வாங்கிட்டு வா."

பூவராகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே ஞாபகம் வந்து கடைக்கு ஓட்டம். செங்கமலமும் பின்னாலேயே ஓடினாள்.

கடை முழுகவில்லை. தலைமுதல் கால்வரை பெருங்காயத் தூளோடு, தராசைத் தலைகீழாகப் பிடித்தபடி ராஜாதான் உட்கார்ந்திருந்தார்.

"அட, ஒண்ணும் தெரியாத இந்த ஆளை வச்சே கடை நடந்திருக்கே!" பூவராகன் தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே மத்தியானத்துக்கு மேல தம்பி பார்க்கட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

"ஒண்ணும் தெரியாத ஆளா!" ராஜா ஒட்டுத்தாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தூள் பறந்தது. பூவராகன் தடாலென்று காலில் விழுந்தார். செங்கமலம் ஒரு கையால் மூக்கை மூடிக்கொண்டு மறு கையால் கும்பிட்டாள்.

"பலே, கொழுந்தப்பரே! கிட்ட வாரும். இந்த முத்துமாலையை என் கையாலேயே உம்ம கழுத்தில் போடறேன்."

கொழுந்தப்பர் நாலடி பின்னால் போய், மேல்துண்டை விரித்துப் பிடித்தார்.

"அங்கிருந்தே வீசுங்க மகாராஜா!"