கார்வேள் சொன்ன வேங்கை

மலையடிவாரக் காட்டில் தும்பை என்றொரு புள்ளிமான் தன் குட்டியோடு வாழ்ந்துவந்தது. அந்தக் காட்டு விலங்குகளிடம் கார்வேள் என்ற பேரைச் சொன்னாலே போதும், கண் கலங்கிவிடும். கார்வேள் வெகு காலத்துக்கு முன் அந்த மலையை ஆண்ட மன்னன். மான்கள் குட்டி ஈனும் மாதத்தில் போர் முரசைக்கூட அடிக்கவிட மாட்டான். "சத்தம் கேட்டுத் தாய் மிரண்டுவிடுமே!" என்பானாம். அப்படி ஒரு ராஜாவை யாருக்குத்தான் பிடிக்காது!

உயிர் போகும் நேரத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "எனக்குப் பிறகு இந்தக் காட்டை வேங்கை காக்கும். வேங்கையைத் தொட்டவன் எனக்குப் பகைவன்!"

விலங்குகள் அதைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்துவைத்திருந்தன. அர்த்தம் என்ன என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அடுத்த மலையிலிருந்து ஒரு புலி வந்தது. இந்தப் பேச்சு அதன் காதில் விழுந்தது. உடனே மீசையை முறுக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி நின்றது.

"கார்வேள் சொன்ன வேங்கை நான்தான்! புலிக்கு வேங்கை என்று பேர் உண்டா, இல்லையா?"

"உண்டு!" என்றன விலங்குகள்.

"அப்படியானால் நான்தான் உங்கள் காவலன். காவலனுக்குச் சாப்பாடு வேண்டாமா? வீட்டுக்கு ஒருவராக முறைவைத்து வாருங்கள்!"

யானையும் காட்டெருமைகளும் சேர்ந்து நின்றிருந்தால் அந்தப் புலி அன்றே ஓடியிருக்கும். ஆனால் மன்னன் வாக்கு ஆயிற்றே! எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. காடு நாளுக்கு நாள் வெறிச்சோடியது.

கடைசியில் தும்பையின் முறையும் வந்தது.

"நீ வேண்டாம், உன் கறி முற்றல். குட்டியை அனுப்பு!" என்றது புலி.

தும்பை குட்டியிடம் விரைந்தது. "வாடா கண்ணு, ஓடிடலாம்!" என்று குட்டியைக் கூட்டிக்கொண்டு மலைமேல் ஓடியது.

வழியில் ஒரு கரும்பாறை. அதன்மேல் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ படுத்திருந்தது.

"ஐயோ, வேங்கை!" என்று அலறியது தும்பை.

பக்கத்தில் தழை தின்றுகொண்டிருந்த யானை சிரித்தது. "பயப்படாதே தங்கச்சி! பாறைமேல பூ உதிர்ந்து கிடக்கு. மேல பாரு, வேங்கை மரம்! நானே போன வருஷம் புலின்னு நினைச்சு ஓட்டம் பிடிச்சேன். வெளியில சொல்லிடாதே!"

"வேங்கை மரமா?" தும்பை அப்படியே நின்றது. "யாருடைய மரம் அண்ணா இது?"

"கார்வேளோட காவல் மரம். அந்தக் காலத்து ராஜாவுக்கெல்லாம் ஒரு காவல் மரம் இருக்கும். அது நிக்கிற வரைக்கும் அவர் ஆட்சி நிக்கும். பகைவன் வந்தா முதல்ல அதுமேலதான் கைவைப்பான்."

"அண்ணா! அப்ப ராஜா சொன்ன வேங்கை எது?"

யானையின் வாயிலிருந்த தழை கீழே விழுந்தது. "அட, என் மரமண்டையே!" என்று தும்பிக்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டது. பிறகு காடே அதிரும்படி பிளிறியது. விலங்குகள் எல்லாம் ஓடிவந்தன.

புலியும் உறுமிக்கொண்டு வந்தது. "எங்கே என் சாப்பாடு?"

தும்பை குட்டியை மரத்தோடு அணைத்துக்கொண்டு முன்னால் நின்றது.

"நீ எங்க காவலன் இல்லை! ராஜா சொன்ன வேங்கை இதுதான்!"

"இந்தக் கட்டையா?" என்று கத்தியபடி புலி பாய்ந்தது. தும்பை குட்டியோடு சட்டென்று விலகியது. புலியின் நகம் மரத்தில் ஆழப் பதிந்தது. கீறலிலிருந்து ரத்தம்போல் சிவப்பாகப் பால் வழிந்தது.



"வேங்கையைத் தொட்டுட்டான்!" என்று முழங்கியது யானை. "தொட்டவன் ராஜாவுக்குப் பகைவன்!"

யானை முன்னே, காட்டெருமைகள் பின்னே, முள்ளம்பன்றிகூட முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிய புலி அடுத்த மலையைத் தாண்டியும் நிற்கவில்லை. தும்பை தன் குட்டியை நக்கி நக்கி அழுதது. சந்தோஷத்தில்தான்.

பேரைக் கேட்டு ஒருவரைக் காவலன் என்று நம்பிவிடக் கூடாது. அவர் செய்வது காவலா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.