இளவரசியின் குறை ஓலை

முன்னொரு காலத்தில் ஓர் அரண்மனை இருந்தது. அங்கே சத்தமே கிடையாது. வாசல் மணியின் நாக்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். தரை முழுக்க இலவம்பஞ்சு மெத்தை. தூண்களுக்குக்கூடத் துணி சுற்றியிருந்தது. நடுப்பகலிலும் சாளரங்களில் கறுப்புத் திரை தொங்கியது. புதிதாக வருகிற வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு காவலனிடம், “எப்போ எடுக்கிறாங்க?” என்று கேட்பார்கள்.

எடுப்பதற்கு அங்கே பிணம் எதுவும் இல்லை. ஏழு வயதுக் குழந்தை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

குழந்தையின் பெயர் இளவெயினி. தகப்பன் சேந்தன், அந்த நாட்டு அரசர். அவருடைய மூத்த மகன் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தான். அடுத்ததாக இவளைப் பெற்றுப் போட்டுவிட்டு ராணியும் கண்ணை மூடினாள். இவள்மேல் ஒரு தூசு விழக் கூடாது என்று அரசர் அன்றைக்கே சபதம் செய்தார். பெற்ற மனம் பித்து என்பார்கள். இவருக்குப் பித்தோடு அதிகாரமும் இருந்தது.

மூச்சுக்காற்றில் நோய் வருமாம், ஆகவே யாரும் ஏழு அடிக்குள் வரக் கூடாது. வெயில் பட்டால் நிறம் மங்குமாம், ஆகவே முகத்தில் முக்காடு. நிமிர்ந்து பார்ப்பது அடக்கம் இல்லையாம், ஆகவே தலை எப்போதும் குனிந்தே இருக்க வேண்டும். பாடம் நடத்த வந்த தலைமை ஆசான் வித்யாபதி இன்னும் ஒரு படி மேலே போனார். பதில் சொன்னால்தானே தவறு வரும், அதனால் இளவரசி மௌனமாகக் கேட்டால் போதும் என்றார்.

இதற்கெல்லாம் மேல் குறை ஓலை என்று ஒன்று இருந்தது. அன்றாடம் மாலையில் ஆசானும் தாதியும் மருத்துவரும் அன்று கண்ட குறைகளை ஓலையில் எழுதி அரசர் முன் வாசிப்பார்கள். ‘கஞ்சியில் ஒரு பருக்கை சிந்தினாள்.’ ‘வீணைப் பாடத்தில் பெருமூச்சு விட்டாள்.’ ‘வாய்விட்டுச் சிரித்தாள்.’ அந்தக் கடைசிக் குறைக்குக் காரணம் அரசவை விகடன் வேம்பன். அவனை இளவரசியின் பக்கமே வரக் கூடாதென்று விலக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அழவும் இல்லை. இரண்டு வருடமாக அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் மருத்துவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “மன்னா, நோய் என்று எதுவும் இல்லை. ஆனால் உடம்பு வாடிக்கொண்டே போகிறது. சோறு இறங்கவில்லை. வருகிற மழைக்காலத்தைத் தாண்டுவாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.”

“ஓலையில் இன்னும் நாளுக்கு மூன்று குறை வருகிறதே,” என்றார் ஆசான். “அந்த மூன்றும் தீர்ந்தால் இளவரசி தேறிவிடுவாள்.”

வேம்பன் தூணோரமாக நின்றபடி சொன்னான்: “உண்மைதான். குறையே இல்லாதவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே சுடுகாட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள்.”

ஆசானுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பல நாளாகக் காத்திருந்தது தானாகவே வாய்க்குள் வந்து விழுந்தது.

“அரசே, இவ்வளவு தெரிந்தவர் ஏழு நாள் பொறுப்பேற்று வளர்த்துக் காட்டட்டும். ஏழு நாளும் குறை ஓலை வெறுமையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு குறை வந்தாலும் அவர் தலை நம்முடையது.”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் அரசர்.

“சம்மதம்,” என்றான் வேம்பன். “ஆனால் மன்னர் விதித்த விதிகளில் எதையும் தளர்த்தக் கூடாது. ஏழு அடி என்றால் ஏழு அடி. அது மன்னருக்கும் சேர்த்துத்தான்.”

இப்படி ஒரு பொறுப்பை அவனிடம் எதிர்பார்க்காத அரசர் மகிழ்ந்துபோனார்.

முதல் நாள் ஓலையில் குறை எதுவும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் தாதி, “மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கல, அம்புட்டு அடக்கம்,” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நினைத்துக் கொஞ்சம் விழித்தாள். ஐந்தாம் நாள் பல்லி ஒன்று இளவரசியின் விரலில் ஏறி, தோளைக் கடந்து, முக்காட்டுக்குள் போனது. அவள் அசையவில்லை. வீணை ஆசிரியர் அதை மெச்சி எழுதினார். எழுதிய கையோடு சொந்த ஊருக்குப் போக விடுப்பும் கேட்டார்.

ஆறாம் நாள் அரசரே வந்தார். இருட்டு அறையில் ஏழு அடி தள்ளி உட்கார்ந்தார். மழை இல்லாத மாதத்தில் அங்கே ஈர மண் வாசனை அடித்தது. “குறையே இல்லாத பிள்ளை நீ. என் குலவிளக்கு,” என்றார். அவள் தலை குனிந்தே இருந்தது. அரசருக்கு ஏனோ முதுகு சில்லிட்டது. அது பூரிப்புதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

ஏழாம் நாள் மாலை. ஆசானுக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. ஓலையைப் பிரித்தார்.

“இன்று ஒரு குறை. பாடத்தின் நடுவே இளவரசி நிமிர்ந்து, கண்ணை உருட்டி என்னை முறைத்தாள்.”

அரசர் கையைத் தூக்கினார். காவலர்கள் வேம்பனின் தோளைப் பிடித்தார்கள்.

“தலையை எடுத்துக்கொள்ளுங்கள்,” என்றான் வேம்பன். “அதற்கு முன் மன்னர் ஒரே ஒரு முறை, ஆசானை முறைத்த அந்தக் கண்களைத் தாமே பார்க்க வேண்டும்.”

ஆசானும் காவலர் பிடித்த வேம்பனும் பின்தொடர, அரசர் எழுந்து இளவரசியின் அறைக்குப் போனார். ஏழு அடியைக் கடந்தார். வருடக்கணக்கில் அவர் செய்யாத காரியம் அது. மகளின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார். மோவாய் குளிர்ந்திருந்தது. முக்காட்டை விலக்கினார்.

நெற்றி இருந்தது. மூக்கு இருந்தது. அழகான சிறிய வாய் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வழவழப்பான மண்.

அரசரின் வாயிலிருந்து வந்த சத்தம், பஞ்சு மெத்தைகளைத் தாண்டி எங்கும் போகாமல் அந்த அறையிலேயே அமுங்கியது. “என் மகள் எங்கே?”

“ஏழு நாளாக இங்கே இல்லை, மன்னா. அதற்கு முன்பு இருந்தாளா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.”

அரசர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“முதல் நாளே துணிக்கூடையில் வைத்து வாசல் வழியாகத்தான் கொண்டுபோனேன்,” என்றான் வேம்பன். “கூடைக்குள் அவள் ஒரு சத்தமும் போடவில்லை. பழக்கிய பிள்ளை அல்லவா. இது குயவர் தெருச் சாத்தி செய்த பொம்மை. உருவம் முழுதும் செய்து, கண்ணைக் கடைசியில் திறப்பதுதான் அவர்கள் வழக்கம். அதுவரை அது வெறும் மண். நான்தான் கண் திறக்க வேண்டாம் என்றேன். ஏழு நாளில் ஒருவராவது முகத்தைப் பார்ப்பார்களா என்று பார்த்தேன்.”

ஆசான் பின்வாசலைத் தேடினார். அங்கே காவலன் நின்றான்.

அரசர் பல்லக்குக்குக் காத்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் குயவர் தெருவுக்கு ஓடினார். பின்னால் சபையே ஓடியது. சாத்தி சக்கரத்தைவிட்டு எழுந்து கும்பிட்டாள். முற்றத்தில் உச்சி முதல் உள்ளங்கால்வரை சேறு பூசிய பிள்ளைகள் ஏழு பேர் நின்றார்கள்.

“ஆறு என்னுது, சாமி. ஒண்ணு உங்களுது. பாத்து எடுத்துக்கிட்டுப் போங்க.”

அரசர் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முக்காடு மட்டுமே. தன் பிள்ளையின் முகம் தனக்குத் தெரியாது என்பது அந்தச் சேற்று முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் அவருக்கு விளங்கியது. அந்த நிமிடத்தில் அவர் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

ஒரு பிள்ளை மட்டும் அவரை அடையாளம் கண்டுகொண்டது. “அப்பா,” என்று ஓடிவந்தது. பானை ஓட்டில் கால் தடுக்கி, முழங்கால் சிராய்த்து, குப்புற விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு அழுகை எழும்பியது, தெருக்கோடி நாய்வரை திரும்பிப் பார்த்தது.

அரசர் ஓடிப்போய் வாரியெடுத்தார். பட்டெல்லாம் சேறு.

“வலிக்குதுப்பா.”

“எங்கேம்மா?” என்று கேட்டார். கேட்கும்போதே அவரும் அழுதார்.

மறுநாள் அந்தப் பொம்மையை உடைக்கச் சொன்னார் அரசர். இளவெயினி மறித்தாள். “அதை உடைக்காதீங்கப்பா. அதுக்குக் கண்ணு இல்ல, பாவம். நான் வச்சுடுறேன்.” சாத்தியிடம் மையை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு அவளே வரைந்தாள். ஒரு கண் உத்தரத்தைப் பார்த்தது. மற்றொன்று தன் மூக்கையே பார்த்தது.

மருத்துவரின் கை பழக்கதோஷத்தில் எழுத்தாணியைத் தேடியது.

அரசர் பொம்மையைப் பார்த்தார். பொம்மை எங்கோ பார்த்தது. அவருக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அந்த அரண்மனையில் சிரிப்பைக் கேட்டுப் பழகாத காவலர்கள் வேல்களை இறுகப் பிடித்தார்கள்.

“வேம்பா, என்ன வேண்டும், கேள்,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“தலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மன்னா. ஏழு நாளும் இளவரசிக்கு வந்த பாலும் பழமும் நெய்ச்சோறும் என் வயிற்றுக்குத்தான் போயின. அதை எந்த ஓலையிலும் எழுதாமல் விட வேண்டும்.”

அரசர் மறுபடி சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். ஆசான் வித்யாபதிக்கும் வேலை போகவில்லை. அன்றாடம் அந்த மாறுகண் பொம்மைக்குப் பாடம் நடத்தும் பணி கிடைத்தது. அது தம்மையே பார்க்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவர் இளைத்துப்போனதாகச் சொல்வார்கள்.

அன்று உச்சிப்பொழுதில் வாசல் மணிக்கு நாக்கை மாட்டினார்கள். மாட்டிய உடனே அது நிற்காமல் அடித்தது. ஊரே பதறி ஓடிவந்து காவலனைச் சூழ்ந்துகொண்டது.

“யாரு போயிட்டா?”

காவலன் மேலே காட்டினான். முழங்காலில் கட்டோடு ஒரு பெண்பிள்ளை மணிக்கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தாள்.

“யாரும் போகல,” என்றான் அவன். “புள்ள வந்துருக்கு.”