மாசிலாமணி இலை எடுத்த அசனம்

ஏட்டி செல்லம், ஒரு ஊரே உக்காந்து சாப்பிடணும்னா, சோறு பொங்குற பானை எவ்வளவு பெருசா இருக்கணும், சொல்லு பாக்கலாம்?

"நம்ம தண்ணித் தொட்டி அளவு?"

அதைவிடப் பெருசு. நீ உள்ள இறங்கி நின்னா உன் உச்சிக் குடுமிகூட வெளிய தெரியாது. அப்படிப் பானையை வரிசையா அடுப்புல ஏத்துற ஊரு ஒண்ணு இருந்துச்சு. அந்த ஊர்லதான் நம்ம ஆளும் இருந்தாரு. காலை நீட்டிப் படு, சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு விளைக்காரர். விளைன்னா பனங்காடு. செக்கச்செவேல்னு தேரி மணல், அதுமேல முந்நூறு பனை, அத்தனையும் அவருக்குத்தான். பேரு மாசிலாமணி. பெரிய ஓட்டு வீடு, எட்டு அறை. ஆனா உள்ள அவரு ஒருத்தர்தான். பொண்டாட்டி கர்த்தர்கிட்ட போயாச்சு, பிள்ளை குட்டி கிடையாது. ஒரே ஒரு தங்கச்சி, ரத்னபாய். அவளும் அந்த வீட்டுல இல்லை.

"ஏன் இல்லை?"

அவ இஸ்ரவேலைக் கட்டிக்கிட்டா, அதான். இஸ்ரவேல் யாரு? மாசிலாமணியோட பனையில ஏறிப் பதநீர் எறக்குறவரு. நல்ல மனுஷன், நெஞ்செல்லாம் பனைச் செதில் கீறின தழும்பு. கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு ரெண்டு பேரும் வாசல்ல வந்து நிக்காங்க. மாசிலாமணி உள்ள இருந்தே சொன்னாரு, "என் பனையில ஏறுறவன் எனக்குச் சமமா உக்காந்து சாப்பிடுறதா? போங்க. இந்தப் படியை இனி மிதிக்காதீங்க." கதவு டமார்.

அப்புறம் பத்து வருஷம். ஒரே ஊரு, ஒரே கோயில். ஆம்பளைங்க பக்கம் இவரு, பொம்பளைங்க பக்கம் அவ. ஜெபம் முடிஞ்சா இவரு மேற்க போவாரு, அவ கிழக்க போவா.

"ம்."

அப்போ ஒரு ஐப்பசி மாசம் மாசிலாமணிக்குக் காய்ச்சல் வந்துச்சு. சமையக்காரியும் மகள் பேறுகாலம்னு ஊருக்குப் போயிட்டா. இவரே எந்திரிச்சுக் கஞ்சி காய்ச்சுனாரு. கொழகொழ, கொதகொத, அப்புறம் கம்முனு ஒரு தீஞ்ச வாடை. அந்தக் கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு எட்டு அறையையும் ஒரு சுத்து பாத்தாரு. பேசுறதுக்கு ஒரு பல்லியைத் தவிர யாரும் இல்லை. தங்கச்சி இந்த வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் அவருக்கு வேண்டியிருக்கல.

காய்ச்சல் விட்டதும் வில்வண்டியைப் பூட்டச் சொன்னாரு. வண்டிக்காரர்கிட்ட, "மாசிலாமணி மன்னிச்சிட்டாரு, வீட்டுக்கு வரலாம்னு சொல்லு"ன்னு அனுப்புனாரு. ஜல் ஜல் ஜல்னு வண்டி போச்சு. ஜல் ஜல் ஜல்னு வெறுமனே திரும்பி வந்துச்சு.

"என்னலே சொன்னா?"ன்னு மாசிலாமணி கேட்டாரு.

வண்டிக்காரர் தலையைச் சொறிஞ்சாரு. "மன்னிக்கிற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்னு கேட்டுட்டு வரச் சொல்றாங்க, மொதலாளி."

ரெண்டாவது தடவை அவரே போனாரு. மடியில பட்டுச்சேலை. தெரு முனையில வண்டியை நிறுத்துனவரு இறங்கல, அங்கன இருந்தே கூப்பிட்டாரு. அப்போதான் இஸ்ரவேல் பனையை விட்டு எறங்கி வாறாரு. மத்தியான வெயில். ஓலையை மடிச்ச பட்டையில பதநீரை ஊத்தி ரெண்டு கையாலயும் நீட்டுனாரு. "வெயில்ல வந்திருக்கீங்க மொதலாளி, ஒரு வாய் குடிங்க."

"வேண்டாம்பா, இப்பதான் குடிச்சேன்."

பொய்தான், அவரு எதுவும் குடிச்சிருக்கல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. வண்டிகிட்ட வந்த ரத்னபாய் அதைப் பாத்துக்கிட்டே நின்னா. சேலையை வாங்கி, மடிப்புக் கலையாம திரும்ப வண்டியிலயே வச்சா. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கூட்டிப் போங்க"ன்னு வண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டு உள்ள போயிட்டா.

"ம்... மூணாவது?"

மூணாவதுதான் அசனம். கோயில் பண்டிகை அன்னைக்கு ஊரே ஒண்ணா மணல்ல உக்காந்து சாப்பிடுற சாப்பாடு. இருக்கிறவங்க வீட்டு அரிசியும் இல்லாதவங்க வீட்டு அரிசியும் ஒரே பானையில கொதிக்கும். மாசிலாமணியும் வருஷா வருஷம் ரெண்டு மூட்டை குடுப்பாரு. ஆனா பந்தியில உக்கார மாட்டாரு, அவரு பங்கு தூக்குச்சட்டியில வீட்டுக்குப் போயிரும்.

அந்த வருஷம் கோயில்ல பிரசங்கம் பண்ற உபதேசியார், ஆண்டவர் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டுச் சீஷர்களுக்குக் காலைக் கழுவி விட்டாரே, அதைச் சொன்னாரு. மாசிலாமணிக்குப் பளிச்சுனு ஒரு யோசனை. அட, இதுதான் வழி! ஓடுனாரு வீட்டுக்கு. பெட்டியைத் திறந்து, கஞ்சி போட்டு மொடமொடன்னு மடிச்சு வச்ச சரிகைத் துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. வந்து பந்தலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "இன்னைக்கு எச்சில் இலை அத்தனையும் நான்தான் எடுப்பேன்"னு சொன்னாரு.

ஊரே வாயைப் பொளந்துச்சு.

டங் டங் டங், மணி அடிச்சாச்சு. முதல் பந்தி. சோறு வருது, சாம்பார் வருது, சலசலன்னு பேச்சு. சாப்பிட்டு எல்லாரும் எந்திரிக்க, மாசிலாமணி குனிஞ்சு இலையை எடுக்காரு. "பாத்தீங்களா, என்ன தாழ்மை!" "விளைக்காரரா இப்படி!" அவருக்கு நெஞ்சு எண்ணெயில போட்ட பூரி மாதிரி உப்புது.

ரெண்டாவது பந்தி. முதுகு கடகடங்குது. சாம்பார் வழிஞ்சு சரிகையெல்லாம் மஞ்சள். ஒரு கிழவி, பல்லு குத்திக்கிட்டே, "ஏல மாசிலா, அந்த முருங்கைக்காச் சக்கையை விட்டுட்டியே, யாரு அள்ளுவா, உங்க தாத்தனா?"ன்னு கேக்கா. பந்தியே கொல்லுனு சிரிக்குது. இவரு பல்லைக் கடிச்சாரு. பரவாயில்லை, தங்கச்சி பாத்தாப் போதும்னு சக்கையையும் அள்ளுனாரு.

மூணாவது பந்தியிலதான் ரத்னபாயும் இஸ்ரவேலும் உக்காந்தாங்க. அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தூண் ஓரமா காத்திருந்தாரு மாசிலாமணி. முடிச்சதும் விறுவிறுன்னு வந்து இஸ்ரவேல் இலையைத் தூக்கி, எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, "பாத்துக்கோங்க! என் பனையில ஏறுற இஸ்ரவேல், அவன் இலையையும் நான்தான் எடுக்கேன்!"ன்னாரு.

இஸ்ரவேல் மணலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, காது ரெண்டும் சிவந்து போச்சு.

ரத்னபாய் அவ இலையை அவளே மடிச்சு எடுத்தா. மெதுவாத்தான் சொன்னா. "என் இலையை நான் எடுத்துக்கிறேன். வண்டி அனுப்புறீங்க, சேலை குடுக்கீங்க, இப்போ இதையும் செய்றீங்க. எங்க கையால ஒரு மடக்குப் பதநீர் வாங்கிக் குடிக்க மட்டும் உங்களுக்கு முடியலயே." சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டா.

"...ம்."

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

மாசிலாமணி கையில இருந்த இஸ்ரவேல் இலையை மடிச்சாரு. அப்புறம் கொண்டுபோய்க் குழியில போட்டாரு. கூட்டம் கலைஞ்சு போச்சு. அப்போதான் அவரு வயிறு கர்ர்ர்ருனு கத்துச்சு. காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல.

அந்த ஊரு அசனத்துல ஒரு வழக்கம் உண்டு. வேலை செஞ்சவங்க கடைசியிலதான் சாப்பிடணும். அதுவும் தானே போட்டுத் தின்னக் கூடாது. சாப்பிட்டு எந்திரிச்ச யாரையாவது கூப்பிட்டு, வாய் திறந்து கேட்டு, அவங்க போடத்தான் சாப்பிடணும். மத்த வேலைக்காரங்க எல்லாம் "ஏ மதினி, சோத்தைப் போடு!" "ஏல மருமவனே, இங்கிட்டு வா!"ன்னு ஆளைக் கூப்பிட்டு உக்காந்துட்டாங்க. இவரு மட்டும் நிக்காரு.

உபதேசியார் பாத்தாரு. "வாங்க, நான் போடுறேன். உக்காருங்க."

ஊருக்கே பெரியவரு கூப்பிடுறாரு. உக்காந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். ஆனா மாசிலாமணி தலையை ஆட்டுனாரு. "இருக்கட்டும் ஐயா."

அங்கிட்டு, காலிப் பானை பக்கத்துல, இஸ்ரவேல் தனியா நின்னு கரண்டியெல்லாம் அலசிக்கிட்டு இருந்தாரு. மாசிலாமணி அங்க போனாரு. அந்தப் பக்கம் ஒரு ஆளும் பாக்கல. மணல்ல சம்மணம் போட்டு உக்காந்தாரு. ஒரு இலையை விரிச்சாரு. வாயைத் திறந்தாரு, சத்தம் வரல. ரெண்டாவது தடவை திறந்தாரு, க்ஹும்னு இருமல்தான் வந்துச்சு. மூணாவது தடவை, எதிர்த்தாப்புல இருக்கிறவருக்கு மட்டும் கேக்குற மாதிரி,

"மாப்ள, பசிக்குது. எனக்கு ஒரு கரண்டி சோறு போடுறீங்களா?"

இஸ்ரவேல் கையில இருந்த கரண்டி ணங்குனு விழுந்துச்சு. எடுத்து, துடைச்சு, கடைசிப் பானையைச் சாய்ச்சு, சரக் சரக்னு அடிச்சோத்தைச் சுரண்டிக் கொண்டுவந்து போட்டாரு. மாசிலாமணி ரெண்டு கையையும் கூப்பி ஜெபம் பண்ணிட்டு, அந்த வெறுஞ்சோத்தை ஒரு வாய் அள்ளி வச்சாரு. முழுங்க முடியல. மறுபடி ஒரு வாய் வச்சாரு.

தண்ணித் தொட்டிப் பக்கம் ரத்னபாய் முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு நின்னா. எவ்வளவு நேரமா நிக்காளோ, தெரியாது. அவ அங்கன இருந்தே புருஷனைக் கூப்பிட்டா.

"ஏங்க, அண்ணனுக்கு வெறுஞ்சோறு தொண்டையில இறங்காது. சாம்பார்ப் பானையில அடியில கத்திரிக்கா கிடக்கும் பாருங்க, அதையும் அள்ளிக் கொஞ்சம் ஊத்துங்க."

கதை வயிறு நெறஞ்சு எந்திரிச்சாச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.